நாக்கு மீன் தேடிய கால்கள்

அது ஐப்பசியின் இரண்டாம் ஞாயிறு. பக்கத்து வீட்டு மூன்று வயதுப் பெண் குழந்தை, சாயக்கழிவால் கறுத்துப்போன குட்டையில் விழுந்துவிட்டாள். இடுப்பளவு ஆழம்தான். ஏழெட்டுப் பேர் இறங்கித் துழாவினோம். சேறு கலங்கியதுதான் மிச்சம்.

“எல்லாரும் ஏறுங்கண்ணே, நான் தேடுறேன்!” என்று ஓடிவந்தார், பனியன் கம்பெனியில் அயர்ன் போடும் ராமநாதபுரத்துக்காரர்.

“ஏனுங்க, ஒத்தை ஆளா எப்படீங்க?” என்றேன்.

“எங்க கடல்ல நாக்கு மீனு சேத்து நிறத்துலயே தட்டையாப் படுத்திருக்கும். ரெண்டு கண்ணும் மேல்பக்கம். அது நம்மளப் பாக்கும், நமக்குத் தெரியாது. காலாலதான் தேடணும்.”

பாதத்தைத் தூக்காமல் தேய்த்தபடியே நடந்தார். ஓரிடத்தில் நின்று, குனிந்து, குழந்தையை அள்ளினார். மூச்சில்லை.

தாயிடம் கொடுத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தவர், “மீனுன்னா மிதிச்சதும் துள்ளும்ணே,” என்றார்.

இருட்டில் எழுந்து நடக்கும்போது, இன்றும் நான் காலைத் தூக்கி வைப்பதில்லை.