சத்தமில்லாமல் பார்த்த பதிவு

அப்பா எந்த வீடியோவையும் வேகமாக ஓட்டித்தான் பார்ப்பார். என் பட்டமளிப்பு விழா வீடியோவுக்கே மூன்று நிமிடம்தான் கொடுத்தார். வீட்டில் சிரிப்போம்.

காவல் நிலையத்தில் அவர் மேலதிகாரி. காவலர்கள் சட்டையில் மாட்டியிருக்கும் கேமராவின் பதிவுகளைப் பார்த்து, தவறு நடந்ததா என்று எழுதுவது அவர் வேலை. விசாரணையில் தன் கையை முறுக்கி உடைத்துவிட்டார்கள் என்று ஒரு தையல்காரர் புகார் கொடுத்தார். அப்பா 'அத்துமீறல் இல்லை' என்று எழுதினார். புகார் குப்பைக்குப் போனது.

கட்டுப்போட்ட கையோடு தையல்காரர் எங்கள் வீட்டுக்கே வந்தார். "நான் கத்தினது அதுல இருக்குமேய்யா?"

அவர் போனதும் நான் அப்பாவிடம் கேட்டேன்.

"சத்தத்தோட பாத்தீங்களாப்பா?"

"வேகமா ஓட்டினா சத்தம் வராதும்மா. ஒரு நாளைக்கு நாப்பது வீடியோ. எல்லாத்தையும் காது குடுத்துக் கேட்டா எப்போ வீடு வர்றது? பட்டதாரி அம்மா, நீயே கணக்குப் போடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்பவாவது கேளுங்க. தப்பா எழுதிட்டேன்னு எழுதிக் குடுங்க."

"பாக்கலாம்."

அப்பா அதை எழுதாமலே ஓய்வு பெற்றார். போன மாதம் இறந்தும் போனார். சீக்கிரம் வீடு வந்து என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். அந்தப் படிப்பில், அவர் காது கொடுக்காமல் விட்ட இப்படி எத்தனை பேரின் கைக்குப் பங்கு உண்டோ என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. தையல்காரருக்கு அப்பா எழுதித் தர வேண்டிய அந்த ஒரு வரி இன்னும் பாக்கி.