ஏரி பார்த்த வீட்டில் நான் சொன்ன ஆமென்

இன்று காலை அலுவலக நண்பர் ஜெபராஜின் வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போயிருந்தேன். கூடுவாஞ்சேரியில், ஏரியைப் பார்த்த மாடி வீடு.

அங்கே நாங்கள் இருவரும் ஒரே நாளில்தான் மனை வாங்கினோம். ஏரியை ஒட்டிய மனையை நான் முந்திக்கொண்டு பிடித்தேன். அதற்குப் பின்னால் இருந்தது அவருக்கு. அன்று அவர் முகம் தொங்கிப்போனது. எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு, பறவைகள் கூடு கட்டும் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று ஏரியைச் சுற்றி எல்லைக்கல் நட்டார்கள். என் மனை உள்ளே, அவருடையது வெளியே. நான் ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது.

இன்று பால்கனியில் ஜெபராஜ் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முன்னாடி எவனும் கட்டவே முடியாது சார். லைஃப் லாங் லேக் வியூ!"

"அந்த எவன் நான்தான் சார்" என்றேன்.

"அட, ஆமால்ல! உங்க இடத்துல தாழைக்கோழி கூடு கட்டியிருக்கு, பாருங்க" என்று பைனாகுலரைக் கொடுத்தார்.

பார்த்தேன். அப்ரூவல் வாங்காமல் கட்டி, குடியும் வந்துவிட்டது.

பிறகு போதகர் ஜெபித்தார். "இந்த வீட்டுக்கு முன்னாடி நீர் குடுத்த விசாலமான இடத்துக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே. அது என்னைக்கும் இப்படியே இருக்கணும்."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஜெபராஜ் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நானும் சொன்னேன்.

சொந்த மனையில் வீடு வரக்கூடாது என்று ஆமென் சொல்லிவிட்டுப் பிரியாணி சாப்பிட்டவர்கள் வேறு யாராவது இங்கே இருக்கிறீர்களா?