குளத்தில் முழுக்காட்டிய கெண்டை

பிச்சாட்டூருக்குப் பக்கத்தில் சென்னைக்காரர் விஜயராகவன் ஒரு தூண்டில் குட்டை வெட்டியிருந்தார். வருகிறவர்கள் மீனைப் பிடிப்பார்கள், குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திப் படம் எடுப்பார்கள், திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். காவலுக்கு இருந்த பக்கிரிசாமி முதல் மாசம் முழுக்கச் சிரித்தார். "துன்னாத மீன இன்னாத்துக்குப் புடிக்கிறானுங்க?"

பிறகு அவருக்கும் அந்த மீன்கள் மேல் பாசம் வந்துவிட்டது. மார்கழியில் விமானத்தில் வந்த வெளிநாட்டுக் கெண்டைகளில் ஒன்று, அவர் கைநிழல் பட்டாலே கரைக்கு வரும். புது மீனைத் தனித்தொட்டியில் வைத்துப் பரிசோதித்த பிறகுதான் குட்டையில் விடவேண்டும். முதலாளிக்குப் பொறுமை இல்லை, வந்த அன்றே குட்டையில் விடச் சொல்லிவிட்டார். பொங்கலுக்கு ஆட்கள் வருகிறார்களாம்.

பொங்கலுக்கு முன்பே மீன்கள் மிதக்கத் தொடங்கின. கண் உள்ளே போய், செவுள் வெளுத்து, தோலெல்லாம் புண். "புதைச்சுடு, யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று முதலாளி போனில் சொன்னார். பக்கிரிசாமி புதைத்தார். கைநிழலுக்குக் கரைக்கு வருகிற அந்த ஒன்றை மட்டும் புதைக்க மனசு வரவில்லை. அதற்கு இன்னும் உயிர் இருந்தது.

தோலில் மருவோ புண்ணோ வந்தால் அம்மன் கோயில் குளத்தில் உப்பும் வெல்லமும் போட்டு முழுகுவது அந்த ஊர் வழக்கம். வெல்லம் கரைகிற மாதிரி புண்ணும் கரைந்துவிடும் என்பார்கள். பக்கிரிசாமி மீனைப் பக்கெட்டில் கொண்டுபோய் மூன்று முறை முழுக்காட்டினார். அது மறுநாளே செத்தது. அந்தக் குளத்துத் தண்ணீர் கால்வாய் வழியாக ஊர் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரியில்தான் அவர் மனைவி கன்னிகாவும் மகளிர் குழுவும் கெண்டைக்குஞ்சு விட்டு வளர்த்திருந்தார்கள். பாவி மனுஷனுக்கு அது தோன்றவே இல்லை.

மூன்றாவது வாரம் ஏரி வெள்ளையாகிவிட்டது. அத்தனையும் செத்த கெண்டை. பார்க்க வந்த மீன்வளத் துறைப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னாள்: "பார்த்தா வைரஸ் மாதிரி இருக்கு, கெண்டைய மட்டும்தான் கொல்லுது. வெளி மீனோ, அது கெடந்த தண்ணியோ இங்க வந்திருக்கு. கொண்டாந்தது யாரு?"

பக்கிரிசாமி மெல்லக் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தார். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஹரிதா, வயிற்றைத் தாங்கிக்கொண்டு கரையில் நின்றிருந்தாள்.

கன்னிகா குனிந்து கை நிறைய மண்ணை அள்ளினாள். "எங்க ஏரியில வெஷம் வெச்சவன் வம்சம் வெளங்கக் கூடாது ஆத்தா! அவன் வூட்ல தொட்டில் ஆடக் கூடாது!"

பக்கிரிசாமி பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். "வாணாம் கன்னிகா! நான்தான். குட்டை மீன நான்தான் கொண்டாந்து கோயில் கொளத்துல முழுக்காட்டினேன்."

கன்னிகா அவரைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். மெல்லக் கையை விரித்தாள். கையில் மண் இல்லை. எல்லாவற்றையும் தூற்றி முடித்திருந்தாள்.