தேஞ்ச காசுன்னு சொன்னாங்க

அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் பதினெட்டு வருஷமாக மணிமேகலைக்கு ஒரே வேலை. லேத்தில் கடைந்து வரும் இரும்பு உருளைகளை லென்ஸில் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்கி வைப்பது. அப்படிப்பட்ட தன்னையே ஒருவர் ஏமாற்றிவிட்டார் என்பதுதான் அவளுக்கு ஆறவேயில்லை.

அம்மா விட்டுப்போன ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்றை, மகளின் ஹாஸ்டல் செலவுக்காக, மலைக்கோட்டைக்குக் கீழே பழங்காசு விற்கும் ரெங்கராஜிடம் கொண்டுபோனாள். அவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"கிரீடமெல்லாம் தேஞ்சு போச்சும்மா. வெள்ளி வெலைக்குத்தான் போகும்."

நம்பிக் கொடுத்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்துத் தென்னூரில் நாணயக் கண்காட்சி. ரெங்கராஜின் மேசையில் அதே காசு. ராஜாவின் காதுக்குப் பின்னால் இருந்த ஊதாக் கறை அவளுக்குத் தெரியாதா? கீழே ஒரு சீட்டு: 'புழக்கத்துக்கே வராதது'. விலை பதினைந்து மடங்கு.

"அன்னிக்குத் தேஞ்சதுன்னு சொன்னீங்களே?"

"தரம் பாக்குறதெல்லாம் பெரிய படிப்பும்மா. உங்களுக்குப் புரியாது," என்றார் அவர், அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே.

பக்கத்து மேசையில் இருந்த ஹஃப்ஸா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வங்கி ஊழியர், நாணயச் சங்கத்து உறுப்பினர்.

"ஞாயித்துக்கிழமை சங்கத்துக்கு வாங்க. என் காசெல்லாம் எடுத்துட்டு வரேன், உக்காந்து பாருங்க."

ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து பஸ் ஏறி, ஒரு ஞாயிறு விடாமல் போனாள். காசை ஓரத்தில் மட்டும் பிடித்து விளக்கடியில் சாய்த்துப் பார்க்கப் பழகினாள். புழங்காத காசில் ஒளி சக்கரம் போலச் சுற்றி வரும். தேய்ந்ததில் மேடான இடங்கள் செத்துக் கிடக்கும். அச்சு சரியாக விழாமல் மழுங்கிய கிரீடம் வேறு, கை பட்டுத் தேய்ந்த கிரீடம் வேறு என்று பிடிபட்ட அன்று அவள் கோபம் இரட்டித்தது. அவள் காசின் கிரீடம் மழுங்கியிருந்தாலும் அதில் பளபளப்பு அப்படியே இருந்தது. அந்த மனுஷனுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

தேய்ந்ததைப் புதுசாகக் காட்டத் துலக்கின காசின் மெல்லிய கோடுகளை மட்டும் அவளுக்கு யாரும் காட்டித்தர வேண்டியிருக்கவில்லை. பட்டறையில் தினம் பார்ப்பதுதான்.

அடுத்த வருஷக் கண்காட்சியில், ரெங்கராஜ் ஒரு வாத்தியாரிடம் 'புழங்காதது' என்று ஒரு காசை நீட்டிக்கொண்டிருந்தார். மணிமேகலை நடுவில் லென்ஸை நீட்டினாள்.

"சார், இது துலக்கின காசு. கோடெல்லாம் ஒரே பக்கமா ஓடுது, நீங்களே பாருங்க."

வாத்தியார் பார்த்தார், வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"என் பொழப்பைக் கெடுக்கவா வந்தே?" ரெங்கராஜ் ஒருமைக்கு இறங்கினார்.

"மரியாதையாப் பேசுங்க. பெரிய படிப்புன்னீங்கல்ல, படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

அவள் காசு அதற்குள் எங்கோ விலைபோயிருந்தது, திரும்பி வரவேயில்லை. ஆனால் காசு கொண்டுவருபவர்களுக்கு இலவசமாகத் தரம் சொல்ல, சங்கம் அவளுக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தது. சில மாதங்களில் செயலாளர் அன்புச்செல்வன் மெதுவாக அருகில் வந்தார்.

"ஹால் வாடகையே வியாபாரிங்கதாம்மா தர்றாங்க. கொஞ்சம் அனுசரிச்சுச் சொல்லுங்களேன்."

"அனுசரிச்சா தேஞ்ச காசு பளபளக்குமா சார்?"

பதிலுக்குக் காத்திராமல், வரிசையில் முதலில் நின்ற பெண்ணை "வாங்க" என்று கூப்பிட்டாள்.