பெரியப்பா திருப்பிக் கொடுத்த பதக்கம்

என் பெரியப்பா ஒரு வீரர் என்பது எங்கள் பிளாக்குக்கு ஒரு வாரம்தான் தெரிந்திருந்தது. அதற்கு முந்தைய வருஷங்களில் அவர் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி. அதற்குப் பிந்தைய வருஷங்களிலும் அதேதான். நடுவில் வந்த அந்த ஒரு வாரமும், அதைத் தொடர்ந்து நடந்தவையும் தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தவை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் அடுத்தடுத்த இரண்டு வீடுகள் எங்களுடையவை. ஒன்றில் பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய ஒரே மகளான அக்கா. இன்னொன்றில் அப்பா, அம்மா, நான். பெரியப்பா பட்டாளத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஆனால் பட்டாளத்துக்காரர்கள் சொல்வதாக நான் கேள்விப்பட்டிருந்த பனி, மலை, எதிரி எதையும் அவர் சொன்னதில்லை. எங்கே சண்டை போட்டீர்கள் என்று கேட்டால் கடல் இருக்கும் பக்கமாகக் கையை நீட்டி, "அந்தாண்ட" என்பார். இலங்கைக்குப் போய்த் தமிழர்களோடேயே சண்டை போட்டு வந்த சிப்பாய் அதைச் சொல்லிப் பெருமைப்படக்கூடிய ஊர் எங்களுடையது அல்ல என்பது எனக்கு எங்கே தெரியும்? பக்கத்து மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில்தான் ஏதோ தகராறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தாள். நல்ல மார்க்தான், ஆனால் இன்ஜினீயரிங் சீட்டுக்குப் போதாத மார்க். முன்னாள் ராணுவத்தாரின் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது என்று யாரோ சொல்ல, பெரியப்பா டிரங்குப் பெட்டியிலிருந்து டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துக்கொண்டு அதற்கான சான்றிதழ் வாங்கக் கிளம்பினார். பட்டாளம் அவரை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த புத்தகம் அது. எத்தனை வருஷம் இருந்தார், எங்கெங்கே இருந்தார், என்னென்ன பதக்கம் வாங்கினார் என்பதெல்லாம் அதில் இங்கிலீஷில் இருக்கும். பென்ஷனுக்காக ஒரு தடவை காட்டியதோடு சரி, அவர் அதைப் படித்ததே இல்லை. துணைக்கு அக்கா போனாள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கும் என்பதற்காக நானும் போனேன்.

முன்னாள் ராணுவத்தார் நல அலுவலகத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து பெரியப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீரப் பதக்கம் வாங்கியவரின் பிள்ளைக்கு ஒதுக்கீட்டிலும் முன்னுரிமை உண்டு, சீட்டைப் பற்றி இனிக் கவலைப்படவே வேண்டாம் என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா அந்த வரியைத் தொட்டுக் காட்டச் சொன்னார். அக்காவை அதை வாசிக்கச் சொன்னார். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். பின்னால் வந்து சான்றிதழ் வாங்கிக்கொள்கிறேன் என்று புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அந்த அலுவலர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

அன்று சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்கச் செய்தி பரவியது. கீழே ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு பெரியப்பாவுக்கு சல்யூட் அடித்தார்கள். தண்ணீர் லாரி வந்தால் பெரியம்மாவின் குடத்துக்கு முதலிடம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்காரப் போட்டி நடந்தது. பெரியப்பா மட்டும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். அந்த நாட்களில் அவர் தனியாக அந்த அலுவலருக்குப் போன் செய்து, புத்தகத்தைத் திருத்த என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்துச் சொன்னார். அந்தப் பதக்கம் தன்னுடையது அல்ல. தன் பெயரும் இனிஷியலும் கொண்ட இன்னொருவன் அதே படையில் இருந்தான், எழுதியவர்கள் அவனுடையதைத் தன் புத்தகத்தில் ஏற்றிவிட்டார்கள். தனக்குக் கிடைத்தது காயம்பட்டவர்களுக்குக் கொடுக்கும் பதக்கம்தான், அது புத்தகத்தில் இல்லை. இதைத் திருத்தச் சொல்லி மனுப் போட வேண்டும். மனுவோடு புத்தகத்தையும் அனுப்ப வேண்டும். திரும்பி வர மாதக்கணக்காகும். சீட்டு ஒதுக்கும் கவுன்சிலிங்கில் காட்டப் புத்தகம் இருக்காது.

சீட்டே போய்விடும் என்று இதற்கு அர்த்தம். பெரியம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அப்பாதான் பேசினார்.

"இன்னாண்ணா நீ. நீயா எழுதினே? கெவுர்மென்ட்டு எழுதினது. சீட்டு கெடைக்கட்டும், அப்பால எழுதிப் போடு. யாரு கேக்கப் போறா?"

"அப்பால எழுதினா, திருடி வச்சிக்கினு மன்னாப்பு கேக்கற மாறி ஆயிடும்டா" என்றார் பெரியப்பா.

அப்பா அதற்கு மேல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பெரியப்பா கோபப்படவும் இல்லை, அசையவும் இல்லை. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இங்கிலீஷில் மனு எழுதத் தெரியாததால் அவர் ராயபுரத்தில் மரத்தடியில் டைப் அடிக்கும் ஒருவரிடம் போனார். பதக்கம் கேட்டு எவ்வளவோ மனு அடித்திருக்கிறேன், வேண்டாமென்று அடித்ததில்லையே என்று அந்த ஆள் சிரித்தாராம். சிரித்தவர் பழக்கதோஷத்தில் வழக்கமான மனுவையே அடித்துக் கொடுத்துவிட்டார். அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். மேற்படி பதக்கத்தைக் கருணையோடு வழங்கியருள வேண்டும் என்று அதில் இருந்தது. அதை நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நானே எழுதறேன்ப்பா. காரணம் கேப்பாங்க. இன்னான்னு எழுதட்டும்?"

பெரியப்பா எழுந்து ஜன்னலைத் திறந்தார். காற்று மணலி ஃபாக்டரிகளின் பக்கமிருந்து வீசியது, அந்தக் காஸ் வாடை உள்ளே வந்தது. பிறகு, நான் அவர் வாயிலிருந்து கேட்டவற்றிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"எனக்கு தோள்ல குண்டு பட்ச்சி. பள்ளத்துல வுழுந்து கெடந்தேன். சுட்டுக்கினே கீறாங்க, ஒருத்தனும் கிட்ட வரல. எம் பேருக்காரன் அவந்தான் வந்தான். முதுவுல போட்டுக்கினு ஓடினான். என்னை வண்டியாண்ட எறக்கி வுட்டுட்டு, இன்னொருத்தன் கீறான்டா அங்கன்னு திரும்பிப் போனான். அப்பால வரல. அதுக்குத்தான் அந்த மெடலு. அவன் சம்சாரம் போய் வாங்கிச்சி. நான் ஆஸ்பத்திரில இருந்தேன்."

அக்கா குனிந்து எழுத ஆரம்பித்தாள். எழுதி முடித்து, தமிழில் சொல்லிக் காட்டி, அவரிடம் கையெழுத்து வாங்கினாள். மறுநாள் அவளே தபால் ஆபீசுக்குப் போய்ப் புத்தகத்தோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கவுன்சிலிங் நாள் வந்தது, போனது. பெரியம்மா சமைத்தார், துவைத்தார், பெரியப்பாவோடு மட்டும் பேசவில்லை. ஒரே அறைக்குள் இருந்துகொண்டு, "உங்க பெரிப்பாவ துன்னச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார். நான் ஓரடி திரும்பி அதையே அவரிடம் சொல்வேன். முக்கியமான பொறுப்பில் இருப்பதாக எனக்கு நினைப்பு.

பல வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. தாங்கள் அந்தப் பதக்கத்தைப் பெறவில்லை என்பதற்கான ஆதாரத்தை இணைத்து அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். பெரியப்பா யார்டில் லீவு சொல்லிவிட்டு, எங்கோ வெகுதூரத்தில் இருந்த, பட்டாளத்துப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு ரயிலேறினார். திரும்பி வந்தவரிடம் என்ன ஆதாரம் காட்டினீர்கள் என்று அக்கா கேட்டாள். சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினேன், இரண்டு பேருடைய நம்பரையும் சொன்னேன், பழைய ஆள் ஒருவர் மனசு வைத்துக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தார் என்றார்.

புத்தகம் திரும்பி வந்தபோது அக்கா பக்கத்திலிருந்த ஒரு அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்திருந்தாள். வீரப் பதக்கம் இருந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் யாரோ கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியிருந்தார்கள். கீழே புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது. அக்கா அதை வாசித்து அர்த்தம் சொன்னாள். அடுப்பு வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்த பெரியம்மா, என்னைத் தாண்டி நேராகப் பெரியப்பாவிடமே கேட்டார்:

"அடிபட்டதுக்கா மெடலு தர்றானுங்க?"

"ஆமா. உயிரோட வந்தா தர்றது" என்றார் பெரியப்பா.

அன்று பெரியம்மாவே தட்டு வைத்துச் சாப்பிடக் கூப்பிட்டார். என் பொறுப்பு அத்தோடு முடிந்தது.

எனக்குத்தான் ஆறவே இல்லை. பிளாக்கில் பழையபடி வரிசையில் குடம் வைக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில், உங்க பெரியப்பா மெடல் பொய்யாமே என்று கேட்டார்கள். ஒருநாள் காலையில் காலேஜுக்குக் கிளம்பிய அக்காவின் பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரை போய், பெரியப்பா பேசாமல் இருந்திருந்தால் நீ இன்ஜினீயர் ஆகியிருப்பாயே, உனக்கு ஏன் கோபமே வரவில்லை என்று கேட்டேன்.

வரவில்லை என்று யார் சொன்னது என்றாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அந்தாளு எங்கப்பாவ முதுவுல தூக்கினு வந்தாரு. அவரு முதுவுல நானும் ஏறிக்கினு காலேஜிக்கு போவணுமா?"

நான் யோசித்துப் பார்த்தேன். பிறகு, அந்த ஆள் நல்ல குண்டா, பலசாலியா என்று கேட்டேன். இல்லை, எங்கப்பாவைவிட ஒல்லியாம் என்றாள் அக்கா. அப்படியானால் இரண்டு பேரை அவரால் தாங்கியிருக்கவே முடியாது, அக்கா செய்தது சரிதான் என்று எனக்குத் தோன்றியது. சமாதானமாகி வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.