கொக்கோக் களத்தில் நின்ற தொரை

மாத்தளைக் கடைத்தெருவில் இன்று புளித்த கொக்கோ விதையின் வாடை மூக்கில் ஏறியதும், உக்குவளைத் தோட்டத்தில் என் அத்தை கொக்கோ காயப்போட்ட சிமெந்துக் களம் கண்முன் வந்தது. இப்போது அங்கே களமும் இல்லை, மரங்களும் இல்லை. இங்கிலீஷ் படித்த அத்தையின் ஒரே மகன், தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையின் பேச்சை நம்பி வெள்ளைக்காரன் விமானப்படையில் சேர்ந்து, குண்டுவிமானத்தின் வாலில் துப்பாக்கியோடு உட்கார்ந்து போய், ஓர் இரவில் ஜெர்மனிக்கு மேலே எரிந்துபோனான். சுதந்திரம் வந்த பிறகும் வருடந்தோறும் அவன் செத்த நாளில் தொரை பூவளையத்தோடு வருவார். கொதிக்கிற களத்தில் அவரை நிற்கவிட்டு, அத்தை பலகையால் விதைகளைச் சரக் சரக்கென்று தள்ளியபடி அவரைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். நாற்காலி போடமாட்டாள், எதிரிக்கும் கொடுக்கிற தண்ணீரைக்கூடக் கொடுக்கமாட்டாள்.

ஒருமுறை தொரை தேம்பி அழுதார். "இனி வரமுடியாது அம்மா. என்னால தாங்க முடியல."

அத்தை பலகையை நிறுத்தினாள். "வரணுங்க தொரை. நான் சாகுற வரைக்கும் வரணும். வராட்டி நானே பங்களா வாசல்ல வந்து நிப்பேன்."

அன்று எனக்குத் தொரையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அத்தை மகன் போன அந்த வயதில் இப்போது எனக்கொரு மகன் இருக்கிறான், பட்டாளத்தில் சேரப்போவதாகச் சொல்கிறான். தொரைமேல் அந்த இரக்கம் இன்று என்னிடம் துளியும் இல்லை.