வாவிக்குள் போன கத்தி

1. அலகுகளைக் கழற்றி மாற்றக்கூடிய சட்டைப்பைக் கத்தி ஒன்றை, பல நாள் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கினேன்.
2. உப்பளவு பார்க்கும் கருவியைப் பொருத்த, மட்டக்களப்பு வாவியில் படகேறினேன்.
3. படகு இயந்திரத்தின் விசிறியில் வலைநூல் சிக்கியது.

படகோட்டி மெலிந்தவர், பேசுமுன் இடுப்பில் சாரத்தை ஒருமுறை இறுக்கிக் கட்டுவார். நூலை அறுக்கக் கத்தியை நீட்டினேன். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கையில தராதீங்க தங்கச்சி, சண்டை வரும். கீழ வையுங்க."

"நாம சண்டை பிடிக்க என்ன இரிக்கு அண்ணன்?"

"இனித்தான் வரும். வையுங்க."

படகின் விளிம்பில் வைத்தேன். படகு ஆடியது, கத்தி தண்ணீருக்குள் போனது.

சாரத்தை இறுக்கினார். "பாத்தீங்களா, எப்பிடியும் நாம சண்டைப்படல்லதானே."

பிறகு விசிறியை மேலே தூக்கி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

எனக்கு ஏன் கோபம் வரவில்லை என்பது இன்னும் விளங்கவில்லை. இப்போது அடுத்த கத்தியைத் தேடுகிறேன்; கயிறு கோர்க்கத் துளை இல்லாதவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன்.